யாருடைய நிலம்? எதற்கான நிலம்?

'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். முப்பத்தொரு ஆண்டுகள் வாடகை வீடுகளிலேயே குடியிருந்த எனக்கு அப்பழமொழியின் பொருளை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பெரம்பூரில் மட்டும் ஐந்து வீடுகள் மாறினோம். ஒவ்வொரு முறையும் தட்டுமுட்டுச் சாமான்களை மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு, அடுத்த தெருவுக்கோ அதற்கடுத்த தெருவுக்கோ நடந்தோம். சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்கும் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டிய வாழ்வு அது. ஆகவே 2014ஆம் ஆண்டில் நான் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபோது, கைக்கு வந்த பணிக்கொடையும் சேமநல நிதியும் ஒரு துண்டு மண்ணாக மாறவேண்டும் என்பதில் எனக்கும் என் மனைவிக்கும் இரண்டாம் கருத்தே இல்லை.

அந்த ஆசையின் கதையை இங்கே எழுத முற்பட்டதற்குக் காரணம் இரண்டு. அறியாமையால் நான் செய்யவிருந்த பிழையை வாசக நண்பர்கள் செய்யாதிருக்க வேண்டும் என்பது ஒன்று. அறிந்த பின்னும் நான் செய்த வேறொரு பிழையை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும் என்பது மற்றொன்று.

என்னோடு இருபது ஆண்டுகள் ஒரே பள்ளியில் பணியாற்றிய நண்பர் ஒருவர், செங்குன்றத்திற்கு அப்பால் இரண்டு மனைகள் வாங்கிப் போட்டிருந்தார். "சார், நீங்களும் பக்கத்திலேயே வந்துவிடுங்கள். சாயங்கால வேளையில் இருவரும் ஒன்றாக நடக்கலாம்" என்றார். 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனை விற்பவர்களே ஏற்பாடு செய்திருந்த வேனில் நாங்கள் இடம் பார்க்கச் சென்றோம். புளிசாதப் பொட்டலமும் தண்ணீர்ப் புட்டியும் இலவசம். செம்மண் சாலை, இருபுறமும் நட்ட தென்னங்கன்றுகள், வெள்ளையடித்த எல்லைக் கற்கள், முகப்பில் ஒரு வளைவு, அதில் ஏதோ ஒரு 'நகர்' என்ற பெயர். தொலைவில் ஐந்தாறு வீடுகள் ஏற்கெனவே எழும்பியிருந்தன. 1,200 சதுர அடி ஆறு லட்சம் ரூபாய். என் மனைவி கற்களின் நடுவே நின்று, சமையலறை எந்தப் பக்கம் வரவேண்டும் என்று அப்போதே கையால் காட்டிக்கொண்டிருந்தாள்.

நான் ஏமாளியல்லன் என்று எண்ணியிருந்தேன். தாய்ப்பத்திரத்தைப் பார்த்தேன். முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று எடுத்தேன். பட்டாவைச் சரிபார்த்தேன். வழக்கறிஞர் ஒருவர் அனைத்தையும் படித்துவிட்டு, "உரிமையில் எவ்விதக் குறையும் இல்லை" என்று எழுதிக் கொடுத்தார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. ஊராட்சித் தலைவரின் முத்திரை குத்திய மனைப்பிரிவு வரைபடம் ஒன்றையும் விற்பவர்கள் காட்டினார்கள். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது சார், நாளைக்கே பதிவு செய்துகொள்ளலாம்" என்றார்கள். ஐம்பதாயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் எழுதிக்கொண்டோம்.

அந்த வாரத்திலேயே என் பழைய மாணவன் ஒருவன் தன் திருமண அழைப்பிதழுடன் வீட்டுக்கு வந்தான். கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் வரைவாளனாக வேலை பார்ப்பவன். பெருமையோடு ஆவணங்களை அவனிடம் காட்டினேன். அவன் ஒவ்வொன்றாகப் புரட்டினான். பிறகு மிகுந்த தயக்கத்தோடு ஒரு கேள்வி கேட்டான்.

"ஐயா, இது யாருடைய நிலம் என்று நன்றாகப் பார்த்துவிட்டீர்கள். எதற்கான நிலம் என்று பார்த்தீர்களா?"

கேள்வி எனக்கு விளங்கவில்லை. நிலம் என்றால் வீடு கட்டுவதற்குத்தானே என்று விழித்தேன். அவன் பொறுமையாக விளக்கினான். வகுப்பறையில் அவனுக்கு நான் எத்தனையோ முறை காட்டாமற் போன பொறுமை அது.

ஒரு நகரத்தில் உள்ள ஒவ்வொரு துண்டு நிலத்திற்கும் இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று உரிமை அடையாளம். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவை அதைச் சொல்லும். மற்றொன்று பயன்பாட்டு அடையாளம். அதைச் சொல்வது அந்நகருக்கென வகுக்கப்பட்ட முழுமைத் திட்டம். இன்ன பகுதி வீடுகளுக்கு, இன்ன பகுதி கடைகளுக்கு, இன்ன பகுதி தொழிற்சாலைகளுக்கு, இன்ன பகுதி பயிருக்கு என்று அத்திட்டம் நகரைப் பிரித்து வைக்கிறது. முதல் அடையாளம் நமக்கும் விற்பவருக்கும் இடையிலுள்ள வழக்கைத் தீர்ப்பது. இரண்டாவது நமக்கும் ஊருக்கும் இடையிலுள்ள உடன்பாடு. என் வழக்கறிஞரிடம் நான் முதலாவதைப் பற்றி மட்டுமே கேட்டிருந்தேன். அவரும் அதற்கு மட்டுமே விடை தந்தார்.

இது ஏதோ நேற்று முளைத்த ஏற்பாடு அன்று. சென்னை மாகாணத்தில் 1920ஆம் ஆண்டிலேயே நகரத் திட்டச் சட்டம் ஒன்று வந்துவிட்டது. அதன் இடத்தில் வந்ததுதான் 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். சென்னைப் பெருநகருக்கென வகுக்கப்பட்ட முதல் முழுமைத் திட்டம் 1975ஆம் ஆண்டில் அரசின் ஒப்புதலைப் பெற்றது. இரண்டாவது முழுமைத் திட்டம் 2026ஆம் ஆண்டை இலக்காகக் கொண்டு, 2008ஆம் ஆண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இத்தனை ஆண்டுகள் நான் பிள்ளைகளுக்குக் குடிமைப் பாடம் கற்பித்தேன். பாராளுமன்றத்தின் அவைகளையும் குடியரசுத் தலைவரின் அதிகாரங்களையும் மனப்பாடமாகச் சொல்வேன். நான் காலூன்றி நிற்கும் மண்ணைப் பற்றி ஊர் என்ன முடிவு செய்திருக்கிறது என்பது எனக்குத் தெரியாது.

மறுநாளே எழும்பூருக்குப் புறப்பட்டேன். காந்தி இர்வின் சாலையில், மொழிப் போரில் உயிர்நீத்த தாளமுத்து, நடராசன் இருவரின் பெயரைத் தாங்கி நிற்கும் மாளிகையில் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் இயங்குகிறது. சி.எம்.டி.ஏ. என்று மக்கள் அழைப்பது இதைத்தான். அங்கிருந்த அலுவலர் என்னிடம் முதலில் கேட்டது சர்வே எண். நான் மனை எண்ணைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "மனை எண் விற்பவர் வைப்பது, ஐயா. 'நகர்' என்ற பெயரும் அவர் வைப்பதே. வருவாய்க் கிராமத்தின் பெயரும், சர்வே எண்ணும், அதன் உட்பிரிவு எண்ணும் வேண்டும்" என்றார். பட்டாவில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

அவர் பார்த்துச் சொன்ன விடை மூன்று சொற்களில் அடங்கியது: விவசாய உபயோகப் பகுதி. அதோடு முடியவில்லை. அந்தக் கிராமம் செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் வருகிறது என்றும், புழல் ஏரிக்குச் செல்லும் நீர் மாசுபடாதிருக்கும் பொருட்டு அங்கே கட்டுமானங்களுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு என்றும் சொன்னார். "ஊராட்சித் தலைவரின் முத்திரை இருக்கிறதே?" என்றேன். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குத் தனியாக இல்லை என்றும், திட்டக் குழுமத்தின் ஒப்புதல் எண் இல்லாத வரைபடம் வெறும் படமே என்றும் விளக்கினார். "அங்கே ஏற்கெனவே வீடுகள் கட்டியிருக்கிறார்களே?" என்று கடைசியாக ஒரு கிளையைப் பற்றினேன். "கட்டியிருக்கிறார்கள். அனுமதி பெற்றுக் கட்டினார்களா என்பது வேறு கேள்வி" என்றார். சட்டத்தின்படி அனுமதியில்லாக் கட்டடத்துக்கு அறிவிப்புக் கொடுக்கவும், பூட்டி முத்திரையிடவும், இடிக்கவும் அதிகாரம் உண்டு. நாளையே செய்வார்கள் என்பதில்லை. என்றைக்கும் செய்ய மாட்டார்கள் என்பதற்கும் உறுதியில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ஐம்பதாயிரம் போனால் போகட்டும். மீதி நம்மிடம் இருக்கிறதல்லவா?" என்றாள். முன்பணம் உண்மையிலேயே போயிற்று. "நீங்களாக விலகினால் திருப்பித் தருவதாக ஒப்பந்தத்தில் இல்லை" என்று விற்பவர்கள் கையை விரித்துவிட்டார்கள். அந்த வரியையும் நான் கவனித்துப் படிக்காமல் கையெழுத்திட்டிருந்தேன்.

இதுவரை சொன்னது என் அறியாமை. இனிச் சொல்லப்போவது அறிந்து செய்தது.

நண்பரிடம் செய்தியைச் சொன்னபோது அவர் முகம் வெளுத்துவிட்டது. அவரும் அறியாமல்தான் வாங்கியிருந்தார். அவருடைய இரண்டு மனைகளில் ஒன்றை விற்று மகளின் திருமணத்தை முடிப்பதாக இருந்தார். "சார், இந்தச் செய்தி நம் இருவரோடு இருக்கட்டும். ஒன்றையாவது நான் விற்றுக்கொள்கிறேன். அதுவரை பேசாமல் இருங்கள்" என்று என் கைகளைப் பற்றிக்கொண்டார். இருபது ஆண்டு நட்பு. நான் தலையசைத்தேன்.

அந்த மனையை வாங்கியவர் யாரோ ஒரு வழிப்போக்கர் அல்லர். எங்கள் தெருமுனையில் தையற்கடை வைத்திருந்தவர். என் பிள்ளைகளின் பள்ளிச் சீருடைகளை ஆண்டுதோறும் தைத்துக் கொடுத்தவர். பதிவுக்கு முந்தைய வாரம் என் வீட்டுக்கு வந்து, "சார், நீங்களும் அந்த இடத்தைப் பார்த்தீர்களாமே, நல்ல இடந்தானே?" என்று கேட்டார். "பத்திரம் எல்லாம் சரியாக இருக்கிறது" என்றேன். அது பொய்யன்று. அவர் கேட்டதற்கு விடையும் அன்று. யாருடைய நிலம் என்பதற்கு விடை சொல்லி, எதற்கான நிலம் என்பதை விழுங்கிவிட்டேன். அவர் நிறைவோடு வணங்கிவிட்டுச் சென்றார்.

2016ஆம் ஆண்டு செப்டம்பரில், ஒப்புதல் பெறாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது எனச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. மாநிலமெங்கும் இலட்சக்கணக்கான எளிய குடும்பங்கள் தாங்கள் வாங்கியிருப்பது என்ன என்பதை அன்றுதான் விசாரிக்கத் தொடங்கின. தையற்காரரும் ஒருநாள் வந்தார். வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போனாராம். திட்ட அனுமதி இல்லாத மனைக்குக் கடன் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். "என்ன செய்வது சார்?" என்றார். அன்று எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு முன்பே தெரியும் என்பதையும் சொன்னேன்.

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

20.10.2016க்கு முன்பு உருவான ஒப்புதலற்ற மனைகளை வரன்முறைப்படுத்துவதற்கு 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் அரசு விதிகளை வகுத்தது. அவருக்கு மனு எழுதிக் கொடுத்து, அலுவலகங்களுக்கு உடன் சென்று, வரிசையில் நின்றேன். அது ஈடாகாது என்பதை அறிவேன். நிலம் நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் இருப்பதைக் காட்டி அவர் மனுவை மேல்விசாரணைக்கு வைத்தார்கள். அவருக்கு இன்னும் உத்தரவு கிடைக்கவில்லை. அவர் வாடகை வீட்டிலேயே இருக்கிறார்.

உண்மையைச் சொன்னால், அக்காலத்தில் அந்த விதியின்மேல் எனக்குச் சினமே மிகுந்திருந்தது. ஏழை எளியவர் ஒரு குடிசை போட்டுக்கொள்வதை எங்கோ எழும்பூரில் இருக்கும் ஒரு வரைபடம் ஏன் தடுக்கவேண்டும் என்று எண்ணினேன். அதற்கு விடை 2019ஆம் ஆண்டுக் கோடையில் கிடைத்தது. ஏறத்தாழ 3,300 மில்லியன் கன அடி நீர் கொள்ளும் புழல் ஏரி அவ்வாண்டு ஜூன் மாதத்தில் வறண்டு வெடித்துக் கிடந்தது. எங்கள் தெருவில் குழாய்கள் காற்றை ஊதின. தண்ணீர் லாரிக்காக நானும் என் மனைவியும் விடியற்காலையில் நெகிழிக் குடங்களுடன் வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் தையற்காரரின் மனைவி நின்றிருந்தார்.

மழை பெய்யாதது மனிதன் குற்றமன்று. ஆனால் பெய்த மழை ஏரிக்குப் போய்ச் சேர்வதற்கு ஒரு வழி வேண்டும். அது தூய்மையாகச் சேர்வதற்குத் திறந்த மண் வேண்டும். நாங்கள் கற்களின் நடுவே நின்று சமையலறைக்கு இடம் குறித்தோமே, அந்த நிலத்தின் வேலை அதுதான். அந்த வரைபடக் கோடு எங்களுக்கு எதிராகப் போடப்பட்டதன்று. எங்கள் குடத்துக்காகவும் போடப்பட்டது. குற்றம் கோட்டில் இல்லை. கோடு இருப்பதை அறிந்தவர்கள் அறியாதவர்களுக்குச் சொல்லாததில் இருந்தது. விற்பவர்கள் சொல்லவில்லை. நண்பர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அண்மையில் அத்தையற்காரரின் மகன் என்னைத் தேடி வந்தான். வேலைக்குச் சென்று சிறிது சேமித்திருக்கிறான். வேறொரு கிராமத்தில் ஒரு மனை பார்த்திருப்பதாகவும், "அப்பாதான் உங்களிடம் காட்டிவிட்டு வரச் சொன்னார், ஐயா" என்றும் கூறினான். 'அப்பாதான்' என்ற அந்தச் சொல்லைக் கேட்டபின் சிறிது நேரம் என்னால் பேச முடியவில்லை. பிறகு இருவருமாக உட்கார்ந்து பார்த்தோம். பார்த்த முறையை அப்படியே இங்கு எழுதுகிறேன். வாசகர் இல்லங்களில் எவருக்கேனும் உதவக்கூடும்.

முதலில் பட்டாவிலிருந்து மாவட்டம், வட்டம், வருவாய்க் கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். நிலத்தின் அளவுகளைக் காட்டும் புலப்படத்தையும் கிராம வரைபடத்தையும் வைத்து, விற்பவர் காட்டிய இடமும் அந்தச் சர்வே எண்ணும் ஒன்றுதானா என்று சரிபார்த்தோம். ஓரிடத்தைக் காட்டி வேறிடத்தின் எண்ணை எழுதிக் கொடுப்பதும் நடக்கிறது.

அடுத்து, அந்தக் கிராமம் எந்தத் திட்ட அமைப்பின்கீழ் வருகிறது என்று பார்த்தோம். சென்னைப் பெருநகர்ப் பகுதியானால் சி.எம்.டி.ஏ. ஏனைய மாவட்டங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் மாவட்ட அலுவலகம். டி.டி.சி.பி. என்று மனை விளம்பரங்களில் காண்பது இதைத்தான். எங்கள் ஊருக்கு முழுமைத் திட்டமே கிடையாது, ஆகவே விதியும் கிடையாது என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். திட்டம் வகுக்கப்படாத சிற்றூர்களிலும் விளைநிலத்தை வேறு பயனுக்கு மாற்றவும், மனைகளாகப் பிரிக்கவும் அனுமதி வேண்டும்.

மூன்றாவதாக நிலப் பயன்பாட்டைப் பார்த்தோம். சி.எம்.டி.ஏ.வின் இணையதளத்தில் கிராமத்தையும் சர்வே எண்ணையும் கொடுத்தாலே விடை வருகிறது. அன்று நான் அரைநாள் செலவழித்து அறிந்ததை அவன் ஒரு நிமிடத்தில் எடுத்துக் காட்டினான். இணையத்தில் காண்பது நம் அறிவுக்கு. பணம் கொடுக்குமுன் அலுவலகத்தில் எழுத்து மூலமாகப் பெற்றுக்கொள்வதே அறிவுடைமை.

வரும் விடையை எவ்வாறு படிப்பது? 'ஆதாரக் குடியிருப்பு' என்றால் வீடுகளுக்கே முதன்மையான இடம். 'கலப்புக் குடியிருப்பு' என்றால் வீடுகளோடு கடைகளும் சிறு தொழில்களும் அங்கே வரலாம். நாளை பக்கத்து மனையில் பட்டறை ஒலித்தால் நாம் வருந்திப் பயனில்லை. இவையன்றி வணிகம், தொழில், நிறுவனம், திறந்தவெளி மற்றும் பொழுதுபோக்கு, விவசாயம், நகர்ப்புறமல்லாத பகுதி என்று வகைகள் உண்டு. வரைபடங்களில் வீடுகளுக்கு மஞ்சளும், வணிகத்துக்கு நீலமும், தொழிலுக்கு ஊதாவும், பொது நிறுவனங்களுக்குச் சிவப்பும், திறந்தவெளிக்குப் பச்சையும் தீட்டுவது பெரிதும் மரபு. எனினும் வரைபடத்தின் ஓரத்திலுள்ள நிற விளக்கத்தைப் பார்த்தே முடிவு செய்யவேண்டும்.

நான்காவதாக, நிறம் சரியாக இருந்தாலும் அதன்மேல் வேறு கோடுகள் செல்கின்றனவா என்று பார்த்தோம். நீர்ப்பிடிப்புப் பகுதி, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம், விமான நிலையத்தை ஒட்டிய உயரக் கட்டுப்பாடு, திட்டமிடப்பட்டுள்ள சாலை, சாலை விரிவாக்கம் ஆகியன அத்தகையவை. நடு வீட்டின் வழியே ஒரு புதிய சாலை வரைபடத்தில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கக் கூடும்.

இறுதியாக மனைப்பிரிவின் ஒப்புதல் எண்ணைக் கேட்டு வாங்கி, அந்த எண்ணுக்குரிய வரைபடத்தோடு ஒப்பிட்டோம். பெரிய மனைப்பிரிவுகளில், அதாவது 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்டவற்றில், சாலைகள் நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைப் பூங்கா போன்ற பொதுப் பயனுக்கு ஒதுக்கி ஒப்படைக்க வேண்டும். அந்த ஒதுக்கீட்டு இடத்தையே மனையாக விற்றுவிடும் துணிச்சல்காரர்களும் இருக்கிறார்கள்.

சில மயக்கங்களையும் இங்கே தெளிவுபடுத்துவது நலம். பட்டாவில் 'நஞ்சை', 'புஞ்சை' என்றிருப்பது வருவாய்த் துறையின் வகைப்பாடு. அதுவும் முழுமைத் திட்டத்தின் பயன்பாட்டு வகையும் ஒன்றல்ல. புஞ்சை என்றிருக்கும் நிலம் திட்டத்தில் குடியிருப்பாக இருக்கலாம். வீட்டு மனை என்று பத்திரத்தில் எழுதப்பட்ட நிலம் திட்டத்தில் விவசாயமாக இருக்கலாம். எங்களுக்கு நேர்ந்தது பின்னது. அவ்வாறே, பத்திரம் பதிவாகிவிட்டது, வீட்டு வரி கட்டுகிறோம், மின் இணைப்பு வந்துவிட்டது என்பனவெல்லாம் திட்ட அனுமதிக்குச் சான்றாகா. "பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று விற்பவர் சொன்னால், "மாற்றிய பிறகு வருகிறோம்" என்று சொல்லிவிடுங்கள். நில உபயோக மாற்றத்துக்குச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் அதற்கு மனுச் செய்து, நாளிதழ்களில் அறிவித்து, ஊராரின் மறுப்புரைகளைக் கேட்டு, குழுமம் ஆராய்ந்த பிறகே முடிவு வரும். வராமலும் போகலாம். புதிய முழுமைத் திட்டம் வகுக்கப்படும்போதெல்லாம் பழைய வகைகள் மாறக்கூடும் என்பதால், பத்தாண்டுகளுக்கு முன் எவரோ பார்த்துச் சொன்னதை நம்பாமல் அன்றன்று பார்த்துக்கொள்வதே முறை. அத்தகைய திட்டம் வரைவு நிலையில் இருக்கும்போது பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்பார்கள். நாம் பெரும்பாலும் போவதில்லை. ஊரைப் பற்றிய முடிவு எழுதப்படும் நாளில் வராமலிருந்துவிட்டு, எழுதப்பட்ட பின் வருந்துகிறோம்.

அந்த இளைஞன் காட்டிய மனை ஆதாரக் குடியிருப்புப் பகுதியில் இருந்தது. ஒப்புதல் எண்ணும் பொருந்தியது. ஆனால் வடக்கு ஓரத்தில் ஒரு சாலை விரிவாக்கக் கோடு சென்றது. மனையில் நாலடி குறையும். அதைச் சொன்னேன். விலையில் அதற்கேற்பக் குறைத்துக் கேட்குமாறும் சொன்னேன். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, கீழே என் கையொப்பத்தையும் இட்டுக் கொடுத்தேன். "கையெழுத்து எதற்கு, ஐயா?" என்று வியந்தான். "உன் அப்பாவிடம் காட்டு. அவருக்குத் தெரியும்" என்றேன்.

நாங்கள் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். ஆறாவது வீடு. என் மனைவி இப்போதெல்லாம் தனி வளையைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் எங்கள் தெருவில் எவரேனும் மனை வாங்கப்போவதாகக் காதில் விழுந்தால், "முதலில் சர்வே எண்ணைக் கொண்டுவந்து இவரிடம் காட்டுங்கள்" என்று அவளே அழைத்து வந்துவிடுகிறாள். நானும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். நாங்கள் பார்ப்பது சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடங்களையும், ஒரே ஒரு வார்த்தையையும் 2015ஆம் ஆண்டில் ஒரு மனிதருக்குக் கொடுக்காமல் போனேன்.